அடங்கலில் பெயர் இல்லாத கரும்பு

மார்கழியில் எங்கள் செய்திப் பிரிவுக்கு ஒரு செய்தி தவறாமல் வரும். பொங்கலுக்கு ரேஷன் கடையில் என்னென்ன கொடுப்பார்கள் என்ற அறிவிப்பு. பச்சரிசி, சர்க்கரை, சில ஆண்டுகளில் ரொக்கம், சில ஆண்டுகளில் முழுக் கரும்பு. முதல் பக்கத்தில் இரண்டு பத்தி போடுவோம். நான் அந்தப் பட்டியலின் கடைசிச் சொல்லைத்தான் முதலில் பார்ப்பேன். கரும்பு எப்போதும் கடைசியில்தான் வரும், வந்தால்.

காரணம் என் சகலை, என் மனைவியின் தங்கை கணவர். ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லணை போகும் சாலையில், திருவளர்ச்சோலையில் செங்கரும்பு போடுகிறார். செங்கரும்பை ஆலைக்கு அனுப்ப முடியாது. கடித்துத் தின்னத்தான் ஆகும். பொங்கல் வரைக்கும்தான் அதற்கு விலை. பொங்கல் கழிந்தால் மாட்டுக்குத் தீவனம். மாடும் பொறுக்கித்தான் தின்னும். சித்திரையில் விதைக் கரும்பை நறுக்கிக் கரணை ஊன்றுகிறவருக்கு மார்கழியில் அரசு வாங்குமா என்று தெரியாது. மார்கழியில் அறிவிக்கிறவர்களுக்குச் சித்திரையில் யாரோ ஊன்றினார்கள் என்பது ஞாபகம் இருக்காது. இத்தனை ஆண்டு இந்தச் செய்தியை வெட்டி ஒட்டி, தலைப்பு வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு முறைகூடச் சித்திரை என்ற சொல் அதில் வந்ததில்லை.

நிலம் சகலையுடையது அல்ல. எங்கள் வீட்டுக்காரருடையது. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வடக்கே அவருடைய வீட்டின் கீழ்ப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், மாடியில் அவர். சகலை சொல்லித்தான் எங்களுக்கு அந்த வீடு கிடைத்தது. ஆக, நாங்கள் இருவருமே அவருக்குக் குடித்தனக்காரர்கள். எனக்குப் பதினொரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தம் உண்டு. சகலைக்கு வாய் வார்த்தை. அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று அப்பாவும் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை. குத்தகையை மட்டும் தை மாதத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

வீட்டுக்காரர் வணிகவரித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையானவர் என்று கடைவீதியில் இன்றைக்கும் சொல்வார்கள், கொஞ்சம் கசப்போடு. அலுவலகத்தில் எனக்கு இலவசமாகத் தரும் பத்திரிகையைக் காலையில் அவர்தான் முதலில் படிப்பார். படித்துவிட்டுக் கீழே கொண்டுவந்து கொடுக்கும்போது ஒரு விமரிசனமும் கூடவே வரும்.

“இதெல்லாம் யார் பணம்னு நெனைக்கறேள்? பெரிய கடைவீதியிலே ஒவ்வொரு கடையா ஏறி எறங்கி நான் வசூல் பண்ணின பணம். பஸ்ஸும் ஃப்ரீ, அரிசியும் ஃப்ரீ, மாசம் ஆயிரம் ரூபா வேற. கரும்பைக்கூடவா கவர்மென்ட் வாங்கித் தரணும்?”

“அந்தக் கரும்பு உங்க நெலத்துல வெளையறதுதான் சார்.”

“அது வேற, இது வேற.”

அந்த ‘அது வேற’ எனக்குப் பல நாள் காபியைக் கசக்க வைத்திருக்கிறது. எது வேறு, எங்கே வேறாகிறது என்று அவரும் சொன்னதில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வந்ததில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போனேன். சோகை உரித்துக்கொண்டிருந்தார்கள். கரும்பின் காய்ந்த தோகையை அவ்வப்போது உரித்து எடுத்தால்தான் தண்டு பளபளவென்று கருஞ்சிவப்பாக நிற்கும். கையெல்லாம் அறுக்கும் வேலை. உரித்த பெண்கள் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து வந்தவர்கள். சத்திரம் பேருந்து நிலையம் வந்து, அங்கே பஸ் மாறி வந்திருந்தார்கள்.

“தூரமா இருக்கே, எப்படி வர்றீங்க?” என்று கேட்டேன்.

“டிக்கெட் இல்லாத பஸ்ஸுதாங்க. காசு குடுத்து ரெண்டு பஸ்ஸு மாறணும்னா இவரு குடுக்குற கூலில பாதிய கண்டக்டர்கிட்டதான் குடுக்கணும்” என்றார் ஒருவர்.

“மீதிப் பாதிய டீக்கடையில” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

சகலைக்குச் சிரிப்பு வரவில்லை. “இவங்க வராட்டி எனக்கு ஆளே இல்ல சகல. உள்ளூர்ல எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிடுறாங்க. சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்கிப் பழகிட்டாங்க.”

என் மைத்துனி வரப்பில் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். “நானுந்தான் நூறு நாள் வேலைக்குப் போறேன். சும்மாவா ஒக்காந்துருக்கேன்? வாய்க்கா வெட்டுனமே, அது யாரு வயலுக்குத் தண்ணி வருது?”

“அது வேற” என்றார் சகலை.

மாடியிலும் அதே சொல், வயலிலும் அதே சொல்.

மைத்துனிக்கு அரசின் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பதினைந்தாம் தேதி வந்தால் பதினாறாம் தேதி உரக்கடைக்காரர் போன் செய்துவிடுவார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். உரக்கடைக்காரர் போடும் பில்லில் வரி இருக்கிறது. அந்த வரி சென்னைக்கும் தில்லிக்கும் போகிறது. அதில் ஒரு பகுதி மறுபடி பஸ்ஸாகவும் அரிசியாகவும் ஆயிரம் ரூபாயாகவும் திருவளர்ச்சோலைக்கு வருகிறது. டிக்கெட் இல்லாத பஸ்ஸில் வந்த பெண்கள் கூலியை வாங்கிக்கொண்டு போகும் வழியில் சத்திரத்தில் இறங்கிப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்குகிறார்கள். அந்தக் கடைக்காரரும் வரி கட்டுகிறார். நான் நின்ற அந்த ஒரே வயலிலேயே அரசின் பணம் இத்தனை வழியில் வந்து இத்தனை வழியில் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கொடுக்கிறவர்கள் பிச்சை என்று நினைத்தார்கள். வாங்குகிறவர்கள், மற்றவர்கள் வாங்குவதுதான் பிச்சை என்று நினைத்தார்கள்.

இதை எழுதலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். “இதுல செய்தி எங்க இருக்கு?” என்றார். கடைசியில் சோகை உரிக்கும் பெண்களின் படத்தை மட்டும் போட்டார்கள். ‘பொங்கலுக்குத் தயாராகும் செங்கரும்பு’ என்று அடியில் ஒரு வரி. அந்த வரியை எழுதியதும் நான்தான்.

அந்த மார்கழி அறிவிப்பில் கரும்பு இல்லை. அரிசி, சர்க்கரையோடு பட்டியல் முடிந்தது. பக்கத்தை அனுப்பிவிட்டுச் சகலைக்குப் போன் செய்தேன். அதற்குள் டிவியில் பார்த்துவிட்டிருந்தார். மறுநாள் காலை காந்தி மார்க்கெட் வியாபாரி ஒருவர் வண்டியில் வந்து வரப்பில் நின்றார். சகலைக்கு ஆண்டுதோறும் கரணைக்கும் உரத்துக்கும் முன்பணம் தருகிறவர். முன்பணம் வாங்கினால் கரும்பை அவர் சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு சகலை முன்பணம் வாங்காமல், மைத்துனியின் தோட்டை அடகு வைத்துப் பயிர் செய்திருந்தார். அது அவருடைய பெரிய திட்டம். அரசு வாங்கினால் நேராக விற்பது, தோட்டை மீட்பது, மீதியை வைத்து அடுத்த சித்திரையில் யார் கையையும் எதிர்பாராமல் ஊன்றுவது. ஒரே ஒரு வருடம் நேராக விற்றுவிட்டால் போதும், பிறகு வியாபாரிக்கு விலை சொல்லும் இடத்தில் தான் நிற்கலாம் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

வியாபாரி சொன்ன விலை மிகக் குறைவு. “கவர்மென்ட் எடுக்கலைங்க. ஊர்ல இருக்கிற கரும்பெல்லாம் ரோட்டுக்குத்தான் வரும். யோசிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சகலை யோசித்தார். கொடுக்கவில்லை.

விவசாயிகள் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கரும்போடு போனார்கள். சில நாளில் புதிய அறிவிப்பு வந்தது: தொகுப்பில் முழுக் கரும்பும் உண்டு. ஆறடிக்குக் குறையக் கூடாது. மைத்துனி என் மனைவிக்குப் போன் செய்து, “அக்கா, என் தோடு வந்துருச்சு” என்றாள். அவ்வளவு உறுதியாக இருந்தாள்.

கூட்டுறவு அலுவலர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். நானும் இருந்தேன். சகலையின் கரும்பு தோகையை விட்டுவிட்டு அளந்தாலும் ஆறடியைத் தாண்டியது. அலுவலர் தட்டிப் பார்த்தார், ஒன்றை ஒடித்துத் தின்றும் பார்த்தார். “நல்ல கரும்புங்க. எடுத்துக்கலாம். சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக் கொண்டாங்க.”

சிட்டா நிலம் யாருடையது என்று சொல்வது. அடங்கல் அதில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வது. இரண்டிலும் மாடி வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது.

“நாந்தாங்க பயிர் வச்சிருக்கேன். ஊரே சொல்லும்” என்றார் சகலை.

“எனக்கும் தெரியுதுங்க. சிஸ்டத்துல அவர் பேர்தான் வருது. அவர்கிட்ட ஒரு எழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. ரெண்டு வரி போதும்.”

அன்று சாயங்காலமே மாடிக்குப் போனோம். வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் காபி கொடுக்கச் சொன்னார். எப்போதும் மரியாதைக்குக் குறைவு இருந்ததில்லை.

“என்ன எழுதணும்?”

சகலை மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார். “உங்க நெலத்தை நான் சாகுபடி பண்றேன்னு ஒரு வரிங்க சாமி. பணத்தை என் அக்கவுண்டுல போட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “ரெண்டாவது வரிக்கு எனக்கு ஆட்சேபணையே இல்லை. மொதல் வரிதான்.”

“அது உண்மைதானே சார்” என்றேன்.

“உண்மைங்கறதாலதான் சார் பயமா இருக்கு. எங்க பெரியப்பா பிள்ளை லால்குடி பக்கத்திலே இப்படித்தான் ஒரு வரி எழுதிக் குடுத்தார். அந்த வரியை வச்சுண்டு குத்தகைக்காரன் பேர்லே பதிவு, அப்பறம் கேஸ். நிலத்தை விக்கவும் முடியாம, பாக்கவும் முடியாம போய்ச் சேர்ந்துட்டார். இவன் அப்படிப் பண்ணுவான்னு நான் சொல்லலை. இவன் பண்ண மாட்டான். ஆனா பேப்பர் இருக்கே, அது இவனுக்கு அப்பறமும் இருக்கும்.”

சகலை, “நான் அந்த மாதிரி ஆளு இல்லைங்க” என்றார். அவர்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்காரரே ஒரு வழி சொன்னார். “ஒண்ணு பண்ணலாம். நானே சாகுபடி பண்றதா இருக்கட்டும். பணம் என் அக்கவுண்டுக்கு வரட்டும். அப்படியே எடுத்து உன் கையிலே குடுத்துடறேன்.” சகலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. கீழே இறங்கும்போது, “பாத்தீங்களா சகல, சாமி தங்கம்” என்றார்.

மறுநாள் காலை பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றார். “ராத்திரி பூரா யோசிச்சேன். நான் பயிர் வைக்கலை. வச்சேன்னு கையெழுத்துப் போட்டா அது பொய். ஆயுசு பூரா பொய்க் கணக்கைப் புடிச்சவன் நான். என்னாலே முடியாது.”

“அப்ப உண்மையை எழுதிக் கொடுங்க சார்.”

“அதுவும் முடியாது. நேத்தே சொன்னேனே.”

உண்மையை எழுதப் பயம். பொய்யை எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். ஏமாற்றுக்காரர் உண்மை, பொய் இரண்டில் ஒன்றையாவது எழுதியிருப்பார். நான் மேலும் இரண்டு தடவை போய்ப் பேசினேன். வருவாய்த் துறையில் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு, ஒரு பருவத்துக்கு மட்டும் என்று எழுதித் தரலாம், உரிமை கோர மாட்டேன் என்று சகலையும் எழுதித் தருவார் என்றேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க பத்திரிகைக்காரர், நாளைக்கு நீங்களே இதை எழுதினாலும் எழுதுவேள்” என்று சிரித்தார். மறுபடியும் போக என் மனைவி விடவில்லை. “ஏங்க, ஒப்பந்தம் முடியப் போகுது. தங்கச்சிக்காகப் பேசப் போயி நாமளும் வீடு தேடணுமா?” அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இந்த விவகாரத்தில் யார் சொன்னதிலும் தப்பில்லை.

அலுவலருக்குப் போன் செய்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, “சார், எனக்கு அந்தக் கரும்பை விட மனசே இல்ல. ஆனா பேர் ஒத்துப்போனாத்தான் பணம் ஏறும். பாத்துச் செய்யுங்க, நாள் இல்ல” என்றார்.

வியாபாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை பேச அதிக நேரம் ஆகவில்லை.

“பேப்பர் இல்லைங்களே” என்றார் சகலை.

“பேப்பரு என் கவலைங்க. கரும்பு உங்க கவலை. நான் ரெண்டையும் சேத்து வைக்கிறேன்.”

யாரோ ஒரு பட்டாதாரரின் அடங்கலில் சகலையின் கரும்பு ஏறியது. வேரோடு பிடுங்கி, கட்டுக் கட்டி, லாரியில் ஏற்றினார்கள். அரசு கொடுத்த விலைக்கும் சகலைக்குக் கிடைத்ததற்கும் நடுவில் இருந்தது வியாபாரியிடம் நின்றது. அவரைத் திட்டவும் எனக்கு வார்த்தை இல்லை. அரசு வாங்காத வருடங்களிலும் வரப்பில் வந்து நிற்கிறவர் அவர் ஒருவர்தான். மைத்துனி போனில் சொன்னாள்: “கவருமென்ட்டுக்கு எங்கள தெரியல மாமா. எங்களுக்குக் கவருமென்ட்ட தெரியல. ரெண்டு பேரையும் தெரிஞ்சவரு அவரு ஒருத்தர்தான்.” தோடு பற்றி அவள் பேசவில்லை.

ரேஷன் கடையில் கொடுக்க ஆரம்பித்த அன்று தெருவே வரிசையில் நின்றது. ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்கு வந்த லாரிகளில் ஒன்று திருவளர்ச்சோலையில் ஏற்றியது என்று சகலை ஏற்கெனவே சொல்லியிருந்தார். வீட்டுக்காரரிடமும் அரிசி கார்டு இருந்தது. அவரே போய் நின்று வாங்கினார். பொங்கல் கரும்பைத் தோகையோடு முழுசாகத்தான் கொண்டுவர வேண்டும், ஒடிக்கக் கூடாது. ஸ்கூட்டரில் வைக்க முடியாமல், கரும்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அரிசிப் பையோடு தெரு நெடுக நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“ஆறடின்னு உங்க பேப்பர்லே போட்டிருந்தேளே, இது அஞ்சரைதான் இருக்கும் போலிருக்கே?”

“தோகையோடயா, தோகை இல்லாமயா சார்?”

“எதுவா இருந்தா என்ன, வரிப் பணமாச்சே. கேக்க வேண்டாமா?”

போகியன்று சகலையும் மைத்துனியும் வந்தார்கள். எங்களுக்கு ஒரு ஜோடிக் கரும்பு, மஞ்சள் கொத்து. மாடிக்கும் ஒரு ஜோடி. குத்தகைக்காரர் நிலக்காரருக்குப் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோய் வைப்பது அவர்கள் வழக்கம். அப்பா காலத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. படிக்கட்டின் அடியில் மைத்துனி சகலையின் கையைப் பிடித்தாள்.

“மேல ஏறாதீங்க. இந்த வருசம் என்னத்துக்கு?”

“என்னத்துக்குன்னா? பொங்கலுக்கு.”

“என் காதைப் பாத்துட்டு ஏறுங்க.”

அவர் பார்த்தார். பிறகு ஏறினார். நானும் பின்னால் போனேன்.

வீட்டுக்காரர் சந்தோஷமாக வாங்கி, ரேஷன் கரும்பின் பக்கத்தில் சாத்தி வைத்தார். மூன்றும் ஒரே நிறம், ஒரே பருமன். “பாரேன், கவர்மென்ட் கரும்பும் நன்னாத்தான் இருக்கு. நம்ம நிலத்துக் கரும்பு மாதிரியே.”

“நம்ம நெலத்துதாங்க சாமி. நம்ம வயல்ல ஏத்துன லாரி இங்கதான் வந்துச்சு.”

அவர் கரும்பைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். “அப்போ பணம் நமக்கு வந்திருக்கணுமே?”

“வரும்ங்க. கொஞ்சம் சுத்திக்கிட்டு வரும்.”

சகலை அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார். தை முடிவதற்குள் குத்தகையை முழுதாகக் கொண்டுவந்து கொடுத்தார். கடைவீதியில் வசூலான வரி சென்னைக்குப் போய், கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்து, வியாபாரி கைக்கு மாறி, சகலை வழியாக மாடிப்படி ஏறி, வசூலித்தவரிடமே வந்து சேர்ந்தது. போன இடத்தில் எல்லாம் கொஞ்சம் ஈரம் விட்டுத்தான் போயிருக்கிறது. ஊன்றியவரின் காலடியில் மட்டும் நிற்கவில்லை.

சித்திரையில் வயலுக்குப் போனேன். மேடும் பள்ளமுமாகப் பார் பிடித்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள். நறுக்கிய கரணைகள் வரப்பில் குவிந்து கிடந்தன. பக்கத்தில் தன் வண்டியில் சாய்ந்தபடி வியாபாரி நின்றிருந்தார். முன்பணம் வாங்கியாயிற்று என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மைத்துனி கரணையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காதில் வேப்பங்குச்சி.

சகலை சேற்றில் இருந்தபடியே கேட்டார். “இந்த வருசம் கரும்பு குடுப்பாங்களா சகல? பேப்பர்ல இருக்கீங்களே, ஏதாச்சும் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா, போடலாமா வேணாமா?”

வியாபாரி சிரித்தார். “அவரை ஏங்க கேக்குறீங்க? நீங்க போட்டு, வளத்து, சோகை உரிச்சப்புறந்தான் அவருக்கே சொல்லுவாங்க.”

சகலை என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மைத்துனி நீட்டிய கரணையை வாங்கிச் சேற்றில் படுக்க வைத்து, குதிகாலால் அழுத்தி மிதித்தார். அடுத்ததற்குக் கையை நீட்டினார்.